அரக்கு போச்சா, தங்கம் போச்சா?

கேள்வி:

எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) எனக்குக் கொடுத்த கெம்புக்கல் அட்டியலில் கொக்கி தேய்ந்துபோய், இரண்டு கல்லும் ஆட ஆரம்பித்தது. தை மாதம் மகளுக்குச் சீர் வைத்திருக்கிறோம். அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று, ஆடி 18 முடிந்ததும் ஈரோட்டில் ஒரு நகை ரிப்பேர் கடையில் கொடுத்தோம். கடைக்காரர் மாமனாருக்குப் பங்காளி முறை. அதனால் எடை போட்டு எழுதி வாங்கவில்லை. 'அட்டியல் 1, ரிப்பேர்' என்று ஒரு துண்டுச் சீட்டுதான் கொடுத்தார். பத்து நாள் என்றவர் நாற்பது நாள் இழுத்தார். கூலி 3,800 ரூபாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் பளபளவென்று புது நகை மாதிரி இருக்கிறது, அமுச்சியின் அட்டியல் மாதிரி இல்லை. கல்லின் நிறம் வேறாகத் தெரிகிறது. கையில் எடுத்தாலே லேசாக இருக்கிறது. வேறு கடையில் எடை போட்டோம், 35.850 கிராம். இரண்டு வருசம் முன்னால் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்தபோது 38 கிராமுக்கு மேல் இருந்ததாக ஞாபகம். போனில் கேட்டால், "அழுக்கும் அரக்கும் போயிருக்கும் அம்மிணி, தங்கம் எங்கீங்க போகப்போகுது" என்று சிரிக்கிறார். "சொந்தத்துக்குள்ள கணக்குக் கேட்டா ஊரு சிரிக்கும்" என்கிறார் மாமியார். உருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறான் தம்பி. என்ன செய்வது? அட்டியலைச் சீருக்குப் போடலாமா?

பதில்:

அம்மிணி, கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் "கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்தபோது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கோவை ராஜ வீதியை ஒட்டிய சந்தில் இருபத்தாறு வருசம் பட்டறையில் உட்கார்ந்தவன் நான். இப்போது வங்கிகளுக்கு நகை மதிப்பீட்டாளர். நகையைப் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைப் பார்ப்பது எங்கள் பழக்கம். அந்த நகைக்கடன் சீட்டைத் தேடிப் படம் அனுப்பச் சொன்னேன், நீங்களும் அனுப்பினீர்கள். மொத்த எடை 38.400. கல், அரக்கு கழிவு 6.200. நிகர எடை 32.200. உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மதிப்பீட்டாளர், எந்தச் சண்டையும் இல்லாத காலத்தில், தன் கையெழுத்துப் போட்டு எழுதியது இது. இதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. இரண்டு நகல் எடுத்துவையுங்கள். சங்கத்தின் நகைக்கடன் பதிவேட்டிலும் இதே எடை இருக்கும். செயலாளரிடம் மனு எழுதிக் கொடுத்து அதற்கும் ஒரு நகல் கேளுங்கள்.

ஆக, குறைவது 2.550 கிராம். கால் பவுனுக்கு மேல். அழுக்கும் அரக்கும் போயிற்று என்று கடைக்காரர் சொன்னதை முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

பழைய கல் அட்டியல் கெட்டித் தங்கம் கிடையாது. மெல்லிய தகட்டில் பெட்டி பெட்டியாகக் கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, அதன்மேல் பளபளக்கும் வெள்ளித் தகடு வைத்து, கல்லை உட்காரவைத்து, சுற்றிலும் தங்கத்தை அமுக்கிப் பிடித்திருப்பார்கள். அமுச்சி முப்பது நாற்பது வருசம் போட்டிருந்தால் சந்தன எண்ணெய், மஞ்சள், வேர்வை எல்லாம் இடுக்கில் ஏறிக் கெட்டியாகியிருக்கும். அதை எடுத்தால் நூறு, நூற்றைம்பது மில்லிகிராம் குறையலாம். கையால் பதமாக மெருகு போட்டால் இன்னும் ஐம்பது, அறுபது மில்லி. பழைய கொக்கி கனமாகவும் புதுக் கொக்கி லேசாகவும் இருந்தால் அதில் ஒரு கால் கிராம். எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டினாலும் அரை கிராமைத் தாண்டவில்லை. மீதி இரண்டு கிராமுக்கு அவர் சொல்லக்கூடிய ஒரே கணக்கு அரக்குதான்.

அரக்கை ஏன் எடுத்தார்கள்? அரக்கு வெந்நீர்ச் சூட்டுக்கே இளகிவிடும். பொடி என்று நாங்கள் சொல்லும் இணைப்பு உலோகத்தை வைத்து ஊதிப் பற்றவைக்கப் பல நூறு டிகிரிச் சூடு வேண்டும். அதனால் முழு நகையையும் நெருப்பில் காட்டினால் அரக்கு உருகி ஓடத்தான் செய்யும். ஆனால் உங்களுடைய வேலை கொக்கியும் இரண்டு கல்லும். கொக்கி அட்டியலின் கோடியில் இருக்கிறது. தெரிந்த பத்தர் ஈரத் துணியைக் கல் பக்கம் சுற்றிக்கொண்டு, நுனியில் மட்டும் நெருப்பு படும்படி ஊதி, கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஆடுகிற இரண்டு கல்லை மட்டும் எடுத்து, அடியில் கொஞ்சம் அரக்கு வைத்துத் திரும்ப உட்காரவைப்பார். இந்த வேலைக்கு மற்ற கல்லையெல்லாம் பிரிக்கவும் வேண்டாம், அட்டியல் முழுக்கப் பாலிஷ் தொட்டியில் இறங்கவும் வேண்டாம். நீங்கள் சொல்லாத வேலையைச் செய்திருக்கிறார்கள் என்பதே முதல் குறை. எடை குறைவு அதற்கு அப்புறம்தான்.

இந்த இடத்தில் நிறையப் பேர் தடுமாறிவிடுகிறார்கள். எடை குறைந்தால் தங்கம் குறைந்தது என்றும், எடை சரியாக இருந்தால் தங்கம் பத்திரம் என்றும் நினைக்கிறார்கள். அரக்கு வைத்த நகைக்கு இந்த இரண்டும் பொருந்தாது. பழைய அரக்கை எடுத்துவிட்டு அரைகுறையாக நிரப்பினால், ஒரு குன்றிமணித் தங்கம் போகாமலே இரண்டு கிராம் குறையும். பின்தகட்டைச் சுரண்டி எடுத்துக்கொண்டு உள்ளே தாராளமாக நிரப்பிவிட்டால், ஒரு மில்லிகூடக் குறையாமல் தங்கம் போயிருக்கும். அதனால் 2.550 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். அது கேள்வி கேட்கப் போதும், தீர்ப்புச் சொல்லப் போதாது.

வீட்டிலேயே மூன்று விசயம் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் அட்டியலைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்தையும் நகத்தால் லேசாகத் தட்டுங்கள். அரக்கு நிறைந்த பெட்டி 'தொப்' என்று அடங்கிக் கேட்கும். காலியாக இருந்தால் தகரம் மாதிரி சத்தம் வரும், அழுத்தினால் உள்ளே போகும். அப்படிப் பாதிப் பெட்டி காலியாக இருந்தால் கடைக்காரர் சொன்ன அரக்குக் கணக்கில் உண்மை இருக்கிறது. அப்போது குற்றம் மோசமான வேலை, தங்கம் எடுத்ததல்ல. எல்லாப் பெட்டியும் நிறைந்து கேட்டால் அரக்குக் கதை நிற்காது.

அடுத்தது ஓரங்கள். பழைய வேலையில் கல்லைச் சுற்றிக் கடுகு கடுகாக ரவை வைத்திருப்பார்கள். குடும்பப் படம் ஏதாவது ஒன்றில் அமுச்சி கழுத்தில் அட்டியல் தெளிவாக விழுந்திருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஃப் என்கிற மெருகுச் சக்கரம் போட்டுத் தேய்த்திருந்தால் அந்தக் கடுகு ஒரு பக்கமாகச் சப்பையாகியிருக்கும். அமிலத்தில் முக்கியிருந்தால் சப்பையாகாமல் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சிறுத்து, தகட்டில் ஊசி குத்தினாற்போலக் குழி தெரியும். ராஜ திராவகம் என்கிற அமிலக் கலவை தங்கத்தையே கரைக்கும். நகை பளபளவென்று வெளியே வரும், கரைந்த தங்கம் தொட்டியில் தங்கிவிடும். பிறகு அதை மீட்டு எடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தெருவில் "பாலிஷ் போடறதுங்க" என்று வந்து வளையலைக் கரைத்துக்கொண்டு போகிறவர்கள் செய்வதும் இதைத்தான். பின்தகட்டில் அந்தக் காலத்துப் பத்தர் அடித்த எழுத்து முத்திரை இருந்ததா என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். இருந்து, இப்போது மங்கிப்போயிருந்தால் தகடு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது கல். நிறம் மாறித் தெரிவதால் மட்டும் கல்லை மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்ட முடியாது. அடியில் இருந்த பழைய வெள்ளித் தகடு கறுத்துப்போய்க் கல் ஆழ்ந்த சிவப்பாகத் தெரிந்திருக்கும். புதுத் தகடு வைத்தால் அதே கல் ரோஸ் மாதிரி அடிக்கும். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் விவரம் தெரியும். பழைய கல் கையால் தீட்டியது, ஒன்றைப் போல ஒன்று இருக்காது. எல்லாக் கல்லும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, ஒரே பட்டை என்றால் புதுசு. உள்ளே உருண்டையாகக் காற்றுக் குமிழி தெரிந்தால் கண்ணாடியாகவோ உலையில் செய்த கல்லாகவோ இருக்கும். இதிலும் அவசரப்படக் கூடாது. உலையில் செய்த சிவப்புக் கல் 1900களின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டது. நம் மேட்டுப்பாளையத்திலேயே செயற்கைக் கல் செய்யும் ஆலை இருந்தது. அமுச்சி காலத்துக் கல்லே அந்த வகையாக இருக்கலாம். 'பர்மாக் கெம்பு' என்று வீட்டில் சொல்லிவந்ததை வைத்துக்கொண்டு கடையில் வாதாடினால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று, கல்லின் மேல்முகம் மங்கி, நக்கினாற்போலத் தெரிந்தால், கல்லோடு வைத்து, பற்றவைக்கப் போடும் வெங்காரம் என்கிற உப்பைப் போட்டு ஊதியிருக்கிறார்கள். வெங்காரம் சூட்டில் கெம்பின் முகத்தை அரித்துவிடும். தொழில் படிக்கிற பையன்கூடச் செய்யக் கூடாத தப்பு அது.

தம்பி சொல்கிற மாதிரி உருக்க மட்டும் விட்டுவிடாதீர்கள். உருக்கிய நிமிசத்தில் அமுச்சியின் அட்டியலும் போய்விடும், உங்கள் சாட்சியும் போய்விடும். உருக்கி வருகிற தரம் 22 காரட்டுக்குக் கீழேதான் இருக்கும். அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பெட்டியையும் இணைக்க அந்தக் காலத்தில் செம்பும் வெள்ளியும் கலந்த பொடி நிறைய வைத்திருப்பார்கள். அது மொத்தத் தரத்தைக் கீழே இழுத்துவிடும். எப்போது செய்த நகை என்று நீங்கள் எழுதவில்லை. 1963 ஜனவரியில் மத்திய அரசு 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று விதி போட்டது. அதற்கப்புறம் சில வருசம் எங்கள் தெருவில் உலை எரியாத வீடுகள் எத்தனையோ. என் அப்பா பட்டறையை மூடிவிட்டு மில்லுக்கு வேலைக்குப் போனார். அந்தக் காலத்து நகை என்றால் தரத்தைப் பற்றிப் பேசுவதே வீண்.

தரம் பார்க்க வேண்டும் என்றால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்துக்குப் போங்கள், கோவையில் இருக்கிறது. எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் எக்ஸ்.ஆர்.எஃப். மெசினில் வைத்தால் நகையைச் சேதப்படுத்தாமலே தரம் சொல்லிவிடும். ஆனால் அது மேல்தோலை மட்டும்தான் படிக்கும். முலாம் பூசியிருந்தால் முலாமின் தரத்தையே சொல்லும். அதனால் முன்பக்கம், பின்தகடு, புதுக் கொக்கி, கொக்கியைப் பற்றவைத்த இடம் என்று நான்கு இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். பின்தகடு ஒரு தரமும் கொக்கி ரொம்பக் குறைந்த தரமும் வந்தால், அந்தக் கொக்கி பற்றி மட்டும் தனியாகக் கேட்க உங்களுக்கு இடம் உண்டு.

இனி மாமியாரின் கவலை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் பக்கம் ஒரு பங்காளியிடம் முகம் சுளித்தால் நாளைக்குச் சீருக்கு யார் யார் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது, வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. ரிப்பேர் கடைக்காரர் முக்கால்வாசிப் பேர் கையில் குறடு பிடிப்பதில்லை. நகையை வாங்கிப் பட்டறைக்கு அனுப்புவார்கள். உங்களிடம் எடை போடாமல் வாங்கியிருக்கலாம், ஆனால் பட்டறைக்கு எடை போடாமல் ஒரு மூக்குத்தி திருகாணிகூடப் போகாது. 'கொடுத்த எடை, வந்த எடை' என்று இரண்டு பக்கமும் சீட்டு எழுதியே தீரவேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரருக்கும் ஆசாரிக்கும் நடுவில் அன்றைக்கே சண்டை. இப்போது பலர் தராசில் வைத்த நகையைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தச் சீட்டைக் கேளுங்கள். தங்கம் எங்கே என்று கேட்காதீர்கள். கூட்டமில்லாத ஒரு காலை நேரத்தில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நேரில் போய், "மாமா, ஒரு உதவிங்க. அட்டியல் பட்டறைக்குப் போனப்ப எழுதுன எடைச் சீட்டை ஒருக்கா பாக்கோணுங்க. பழைய கொக்கியும், கழட்டுன கல்லும் இருந்தா வாங்கிக்கிறோமுங்க" என்று கேளுங்கள். கூடவே சங்கத்துச் சீட்டின் நகலை மேசைமேல் வையுங்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். தப்பு பட்டறையில் நடந்திருந்தால் அவருக்கே அப்போதுதான் உறைக்கும். ஆசாரியிடம் கேட்க அவருக்கு ஒரு வழி கிடைக்கும், உங்களிடம் முகமும் கெடாது. நாற்பது நாள் இழுத்ததைப் பார்த்தால் நகை ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. "சீட்டெல்லாம் எங்கீங்க இருக்குது" என்றால், போன எடை என்ன என்று அவரையே வாயால் சொல்லச் சொல்லுங்கள். 38 என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. 36 என்றால் சங்கத்துச் சீட்டு பேசும்.

எங்களைப் பற்றி ஊரில் ஒரு பழமொழி உண்டு, தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று. பெற்ற தாயின் தங்கத்திலும் தட்டான் கொஞ்சம் எடுத்துக்கொள்வான் என்று அர்த்தம். சின்ன வயதில் கேட்டால் கோபம் வரும். தங்கம் கைக்குக் கை உதிர்கிற சாமான். பட்டறை வாசலைக் கூட்டிய மண்ணையும், சாக்கடை மண்ணையும் அள்ளி அரித்துப் பிழைக்கிற குடும்பங்கள் கோவையில் இன்றைக்கும் இருக்கின்றன. அரத்தில் உதிர்வது ஆசாரியின் களவு ஆகாது. ஆனால் எவ்வளவு உதிர்ந்தது என்று சொல்லவேண்டியது அவருடைய கடமை. பழமொழி போட்டவர்கள் அதைக் கேட்காமலே விட்டுவிட்டார்கள்.

பேசிப் பார்த்தும் சரிவரவில்லை என்றால், நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, சங்கத்துச் சீட்டு, மையத்தின் அறிக்கை இரண்டின் நகலையும் வைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வருகிற மாதிரித் தபாலில் அனுப்புங்கள். பதினைந்து நாள் கொடுங்கள். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருசத்துக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த கூலி 3,800 ரூபாய்தான் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. அவர் கொடுத்த துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எடை இல்லாவிட்டாலும் நகை அவர் கைக்குப் போனதற்கு அது ஆதாரம். ஹால்மார்க் நகையில் தரம் குறைந்தால் இரட்டிப்பு ஈடு என்று யாராவது சொல்வார்கள். அது விற்ற நகைக்கான விதி, ரிப்பேருக்கு வராது. போலீசில் நம்பிக்கை மோசடி என்று எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது வாங்கலாம். பங்காளி மேல் ஸ்டேசனுக்குப் போவது கடைசியிலும் கடைசி. குறைந்த எடை அரக்காக இருக்கும் வாய்ப்பு உள்ளவரை நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் தப்பை ஒத்துக்கொண்டால் "அதே கையால் சரிசெய்து தருகிறேன்" என்பார். வேண்டாம். குறைந்த தங்கத்துக்கு அன்றைய விலையில் பணமோ, எடைக்கு எடை தங்கமோ வாங்கிக்கொண்டு, அரக்கு நிரப்புவதை வேறு ஆளிடம் கொடுங்கள். அப்போது மொத்த எடை, கல்லின் எண்ணிக்கை, என்ன வேலை என்று மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், அவர் சித்தப்பாவாகவே இருந்தாலும்.

சீருக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடுங்கள், ஆனால் மையத்தில் காட்டி, எல்லாப் பக்கமும் படம் எடுத்த பிறகு. அதுவரை துடைக்கக்கூட வேண்டாம். அந்தப் புதுக் கொக்கியை மட்டும் நம்பாதீர்கள். அட்டியலின் இரண்டு கோடியிலும் வளையம் இருக்கும். கொக்கியை மாட்டினாலும் சிவப்புப் பட்டுக் கயிறு கோத்து, மகளின் பின்கழுத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள். சடையும் பூவும் மறைத்துக்கொள்ளும்.